ஞாயிறுதோறும் வரும் ஆராய்ச்சித் தொகுப்பு: இரண்டாண்டுச் சந்தாவுக்குப் பிறகு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் கைப்பேசிக்கு வந்துவிடும் இந்தத் தொகுப்பு, இருபது பக்கங்கள் கொண்ட பி.டி.எஃப். இதழாகவும் முக்கால் மணி நேர ஒலிப்பதிவாகவும் கிடைக்கிறது. அண்மையில் வெளியான ஆராய்ச்சி முடிவுகளில் ஏறக்குறைய பதினைந்தைத் தேர்ந்து, இயற்கை, மருத்துவம், பொறியியல் என்று மூன்று பகுதிகளாகப் பிரித்துத் தமிழில் தருகிறார்கள். ஆண்டுச் சந்தா 1,500 ரூபாய். அரையாண்டுக்கு 900 ரூபாய். 2024 பிப்ரவரியில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகள் முடிந்து மறுபடியும் பணம் கட்டவேண்டிய தேதி வந்துவிட்டதால், கட்டலாமா வேண்டாமா என்று பழைய இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்த கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நடத்துபவர்களின் பெயரைச் சொல்லவில்லை. குறைகளை அவர்களுக்கே எழுதிவிட்டேன். சிலவற்றைத் திருத்தியும் வருகிறார்கள். இதே வகையைச் சேர்ந்த வேறு சேவைகளுக்குச் சந்தா கட்ட நினைப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பயன்படக்கூடும்.

செங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். புளியரையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் முதல் தேதி வரைக்கும் இந்த ஊரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது என்பதால், கடைப் பலகையில் தமிழுக்குக் கீழே மலையாளமும் எழுதியிருப்பதை இங்கே யாரும் புதுமையாகப் பார்ப்பதில்லை. ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களும், இலங்கையிலிருந்து திரும்பிவந்து குளத்துப்புழை ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களும் மாதாந்திர மருந்துக்கு எங்கள் கடைக்கு வருவதுண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மலையாள வழியில் படிப்பவர்கள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் தமிழில் ஒரு பத்தியை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பொறுமை இழந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒலிப்பதிவு உண்மையிலேயே ஒரு கொடை. ஒருவர் வாங்கி வாட்ஸப்பில் அனுப்ப, நாலு வீடு கேட்கிறது. சந்தா விதிப்படி அது தவறு என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை கடைக்கு வந்து, “அண்ணாச்சி, இது நெசந்தானா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் இருப்பதால், மருத்துவப் பகுதியில் வரும் செய்திகளுக்கு மட்டும் மூல ஆய்வின் சுருக்கத்தை இணையத்தில் தேடி ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. மருந்து வாங்குகிறவர் அட்டையின் முன்பக்கத்துப் பெயரைப் பார்ப்பார். கடைக்காரன் அதைத் திருப்பித் தொகுப்பு எண்ணையும் காலாவதித் தேதியையும் பார்ப்பான். ஆராய்ச்சிச் செய்தியின் பின்பக்கத்தில் நான் தேடுவது இவ்வளவுதான்: யாரிடம் நடத்தினார்கள், எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, எத்தனை நாள். இந்த நான்கும் இதழில் இருக்கின்றனவா என்பதை வைத்தே என் மதிப்பீடு அமைந்திருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கித் தடுப்பூசிக்கும் முதுமை மறதி நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வை இந்தத் தொகுப்பு எடுத்துச் சொன்ன விதத்துக்காகவே ஓராண்டுச் சந்தாவைக் கொடுக்கலாம். எங்கள் பக்கத்தில் அக்கி கண்டவர்கள் இன்றைக்கும் காவிமண்ணைக் குழைத்து அக்கி எழுதுகிறவரிடம் போய்விட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள். மேலெல்லாம் செங்காவிக் கோடுகளோடு வந்து எரிச்சலுக்கு மாத்திரை கேட்கிறார்கள். சிறு வயதில் வந்துபோன சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போகாமல் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, முதுமையில் எதிர்ப்புச் சக்தி தளரும்போது மறுபடியும் கிளம்புவதுதான் அக்கி என்பதில் தொடங்கி, அந்தக் கிருமிக்கு எதிரான ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வருகிறதா என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரை நிதானமாக வந்து சேர்ந்தது.

அந்தக் கேள்விக்கு விடை காண்பது ஏன் கடினம் என்பதை அதற்கு முன்பு தமிழில் யாரும் இவ்வளவு தெளிவாக எழுதி நான் படித்ததில்லை. ஊசி போட்டுக்கொள்கிறவர் பெரும்பாலும் உடம்பைப் பேணுகிறவராகவும், வசதியுள்ளவராகவும், மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவராகவும் இருப்பார். அவருக்கு மறதி நோய் வராததற்கு ஊசிதான் காரணமா, இந்த மற்றவைதான் காரணமா என்று பிரிப்பது பெரும்பாடு. வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பரில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கே தகுதி என்றும், அதற்கு ஒரு நாள் முன்னால் பிறந்திருந்தாலும் அந்த ஊசி எப்போதும் இல்லை என்றும் விதி வைத்தார்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் பிறந்த கிழவர்களுக்குள் வேறென்ன வித்தியாசம் இருந்துவிட முடியும்? அரசாங்கத்தின் ஒரு தேதியே ஆய்வாளர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை ஏழு ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்ததில், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் புதிதாக மறதி நோய் கண்டறியப்படுவது 3.5 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு எண்களையும் அருகருகே போட்டிருந்தார்கள். பெண்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்ததையும், ஆய்வில் இருந்தது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியைக் கொண்ட பழைய ஊசி என்பதையும், பல நாடுகளில் அதன் இடத்துக்கு வந்துவிட்ட புதிய ஊசி வேறு வகை என்பதையும் விடாமல் சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர் யாரோ, அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர்.

பொறியியல் பகுதி தொடக்கத்திலிருந்தே நம்பகமாக இருக்கிறது. எங்கள் கடை மாடியில் மூன்று கிலோவாட் சூரியப் பலகைகள் போட்டிருப்பதால் அந்தத் துறைச் செய்திகளை நான் ஆவலோடு படிப்பேன். சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பூச்சை அடுக்கிய இரட்டைக் கலங்களைப் பற்றி எழுதியபோது, சீனாவின் லாங்கி நிறுவனம் 2023இல் எட்டிய 33.9 விழுக்காட்டுச் செயல்திறனைத் தலைப்பில் போட்டுவிட்டு, முதல் பத்தியிலேயே அந்தக் கலத்தின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்தான் என்று எழுதியிருந்தார்கள். கட்டைவிரல் நகத்தளவு. ஆக்ஸ்ஃபோர்டு பி.வி. நிறுவனம் 2024 செப்டம்பரில் இவ்வகைப் பலகைகளை முதன்முதலாக விற்பனைக்காக அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, முழுப் பலகையின் செயல்திறன் 24.5 விழுக்காடாக இருந்தது என்பதையும் அதே கட்டுரையில் சேர்த்திருந்தார்கள். மேலும், பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் சூடும் ஆகாது என்பதால் வெயிலிலும் மழையிலும் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதே பெரிய கேள்வி என்று முடித்திருந்தார்கள். ஆனி, ஆடியில் நாள் முழுக்கச் சாரல் அடிக்கும் ஊரில் இருப்பவனுக்கு 33.9ஐ விட அந்தக் கடைசி வரிதான் தேவையான செய்தி. பழைய பலகைகளை மாற்றும் யோசனையை அத்தோடு விட்டுவிட்டேன்.

இயற்கை அறிவியல் பகுதியும் ஏறக்குறைய இதே தரம். 124 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கே2-18பி என்ற, வேறொரு விண்மீனைச் சுற்றும் புறக்கோளின் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடுக்கான அறிகுறி தெரிவதாகக் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு 2025 ஏப்ரலில் அறிவித்தபோது, பூமியில் அந்த வேதிப்பொருளைப் பெருமளவு உண்டாக்குவது கடலின் நுண்ணுயிர்கள் என்பதால், உலகமெங்கும் ‘உயிர் கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற குரல்தான் கேட்டது. இந்தத் தொகுப்பு அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அளவீட்டில் இது தற்செயலாகத் தோன்றியிருக்கும் வாய்ப்பு 0.3 விழுக்காடு என்பது மூன்று சிக்மா நிலை (முடிவு தற்செயல் அல்ல என்ற உறுதியை அளக்கும் அலகுதான் சிக்மா), கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும், உயிரே இல்லாத வால்நட்சத்திரம் ஒன்றிலும் இதே பொருள் தென்பட்டிருக்கிறது என்று மூன்று தடைகளையும் வரிசையாக வைத்தார்கள். மற்றக் குழுக்கள் அதே தரவுகளை மறுபடியும் அலசி ஐயம் எழுப்பியதைப் பின்னொரு இதழில் மறக்காமல் எழுதினார்கள். பின்தொடர்ந்து எழுதும் இந்தப் பழக்கம் அரிது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சரிந்ததற்குப் பிறகு, அந்த மழையைப் பற்றிய ஆய்வையும் வெளியிட்டார்கள். ஒரே நாளில் 140 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழை, பருவநிலை மாற்றத்தால் ஏறத்தாழ 10 விழுக்காடு வலுத்திருந்தது என்று வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் குழு கணித்திருந்தது. சிறிய மலைப்பகுதி என்பதால் கணினி மாதிரிகளில் நிச்சயமின்மை அதிகம் என்று அந்தக் குழுவே சொன்னதையும் இதழ் மறைக்கவில்லை. கடை வாசலில் நின்றால் தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டு அதைப் படித்தேன். 2025இன் வேதியியல் நோபல் பெற்ற, உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டும் உலோக-கரிமச் சட்டகங்கள் பற்றிய கட்டுரை மட்டும் கிட்டகாவா, ராப்சன், யாகி என்று மூவரின் வாழ்க்கைக் குறிப்பாகவே முடிந்து, அந்தப் பொருளின் நுண்துளைகள் எப்படிக் காற்றிலிருந்து தண்ணீரைப் பிடிக்கின்றன என்பதைச் சொல்லாமல் விட்டது.

இனி மருத்துவப் பகுதி. இரண்டாண்டுகளில் எனக்கு மனவருத்தம் தந்த ஒரு நிகழ்ச்சி இந்தப் பகுதியிலிருந்து வந்தது.

2025 செப்டம்பர் முதல் வாரத்து இதழில், ‘மாரடைப்புக்குப் பின் பீட்டா பிளாக்கர் தேவையில்லை: பெரிய ஆய்வு’ என்று தலைப்பு. இதயத் துடிப்பைத் தணித்து இதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்து வகைதான் பீட்டா பிளாக்கர். அடுத்த வாரம், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வழக்கமான மருந்துச் சீட்டோடு வந்தார். ஐந்து மருந்துகளில் நான்கை எடுத்து வைத்துவிட்டு மெட்டோபுரோலால் என்ற பீட்டா பிளாக்கர் அட்டைக்குக் கை நீட்டியபோது, “அது வேண்டாம் அண்ணாச்சி, அத விட்டு ஆறு நாளாச்சி. ஒங்க செங்கோட்டைக்காரங்களுக்கு இன்னும் தெரியலையாக்கும்?” என்றார். அவருக்கு மாரடைப்பு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கைப்பேசியை எடுத்து ஒலிப்பதிவின் அந்த இடத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். குரல் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது: 8,500 பேரிடம் நடத்திய ஆய்வில் பீட்டா பிளாக்கரால் எந்தப் பயனும் இல்லை.

அவரை உட்காரவைத்து, ஒரு கையால் அவருக்குத் தேநீர் சொல்லிவிட்டு, மறுகையால் ஆய்வின் சுருக்கத்தைத் தேடினேன். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் நடந்த ரீபூட் ஆய்வு அது. 2025 ஆகஸ்டு 30 அன்று மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் வெளியிடப்பட்டது. மருந்து எடுத்த 4,207 பேரில் 316 பேருக்கும், எடுக்காத 4,231 பேரில் 307 பேருக்கும் மரணமோ, மறு மாரடைப்போ, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனைச் சேர்க்கையோ நேர்ந்திருந்தது. வித்தியாசம் இல்லை என்பது சரியே. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வெளியே தள்ளும் வலு மிஞ்சியிருந்தவர்கள். அதற்கும் குறைந்தவர்களுக்கு இந்த மருந்தின் பயன் முன்பே உறுதியானது. அவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. இரண்டாவதாக, ஆய்வு கேட்ட கேள்வி, மாரடைப்பு வந்து வீடு திரும்புகிறவருக்கு இந்த மருந்தைத் தொடங்கலாமா என்பது. ஆண்டுக்கணக்காகச் சாப்பிடுகிறவர் நிறுத்தலாமா என்பது வேறு கேள்வி. அதிலும் பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி மூளவும் மாரடைப்பே வரவும் கூடும் என்ற எச்சரிக்கை, அந்த மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது.

மூன்றாவது செய்திதான் என்னைச் சினம் கொள்ளவைத்தது. அதே மாநாட்டில், அதே நாளில், நார்வேயிலும் டென்மார்க்கிலும் 5,574 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வும் வெளியானது. அதில் பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களில் 14.2 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 16.3 விழுக்காட்டினருக்கும் மரணமோ பெரிய இதயக் கோளாறோ வந்திருந்தது. மறு மாரடைப்பு குறைந்ததே அந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். ஆக, ஒரே நாளில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொல்ல, தொகுப்பு ஒன்றை மட்டும் எடுத்துத் தலைப்புப் போட்டுவிட்டது. இரண்டையும் போட்டிருந்தால் தலைப்பு இவ்வளவு அழகாக அமைந்திருக்காது என்பது உண்மை.

பெரியவரிடம் இவ்வளவையும் விளக்கவில்லை. ‘அந்த ஆய்வில் உங்களைப்போன்றவர்கள் இருந்தார்களா என்பது உங்கள் எக்கோ அறிக்கையில்தான் இருக்கிறது, டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே தென்காசிக்குப் போய்வந்தார். அவருடைய இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தம் 35 விழுக்காடு என்று அறிக்கையில் இருந்தது. மருத்துவர் மருந்தைக் குறைந்த அளவில் மறுபடியும் தொடங்கச் சொல்லியிருந்தார். அட்டையைக் கொடுத்தபோது என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

இதைத் தொகுப்பாளர்களுக்கு விரிவாக எழுதினேன். மூன்று வாரம் கழித்து நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரித் திருத்தமும் வந்தது. ஆனால் ஒலிப்பதிவில் திருத்தத்தை வாசிக்கவில்லை. அந்தப் பெரியவரைப்போலக் கேட்பவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை. இதைச் சுட்டி மறுபடியும் எழுதியபிறகு, 2026 ஜனவரியிலிருந்து ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே முந்தைய இதழ்களின் திருத்தங்களைச் சொல்கிறார்கள். அதற்கு என் பாராட்டு உண்டு.

2024 மார்ச்சில், நான் சேர்ந்த புதிதில் வந்த இன்னொரு செய்தி: ‘ரத்தக்குழாயில் பிளாஸ்டிக்: மாரடைப்பு ஆபத்தை நாலரை மடங்கு கூட்டுகிறது.’ இத்தாலியில் கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்புக் கட்டியை அறுவைச் சிகிச்சையால் நீக்கிய 257 பேரின் கட்டிகளைச் சோதித்ததில், 150 பேரின் கட்டிகளில் பாலித்தீன் துகள்கள் இருந்தன. சுமார் 34 மாதங்களில் அந்த 150 பேரில் 30 பேருக்கும், துகள் இல்லாத 107 பேரில் 8 பேருக்கும் மாரடைப்போ, பக்கவாதமோ, மரணமோ நேர்ந்தது. மற்றக் காரணிகளைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது 4.5 மடங்கு. எண்கள் எல்லாம் இதழில் சரியாகவே இருந்தன. தவறு ‘கூட்டுகிறது’ என்ற ஒரு வினைச்சொல்லில். துகள் உள்ளவர்களுக்கு நோய் அதிகம் கண்டது என்பது வரைதான் ஆய்வு சொன்னது. துகள்தான் அதற்குக் காரணம் என்று இதை வைத்து நிறுவ முடியாது என ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். பிரானூர் பார்டரில் கொதிக்கும் சால்னாவைப் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அதை விட்டுவிட்டுத் தூக்குவாளி எடுத்துவந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். அதற்காக ஆய்வு சொல்லாததைச் சொல்ல வேண்டியதில்லை.

மொழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பொதுவாக நடை நன்றாக இருக்கிறது. வாக்கியங்கள் மூச்சு முட்டுவதில்லை. ஆனால் மருத்துவப் பகுதியில், ஆய்வின்போது ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்படும் மருந்தில்லாத மாத்திரையைத் தொடர்ந்து ‘போலி மருந்து’ என்று எழுதிவந்தார்கள். எங்கள் தொழிலில் போலி மருந்து என்றால் மருந்து ஆய்வாளர் வந்து கடையைச் சீல் வைக்கும் சமாச்சாரம். “பாதிப் பேருக்குப் போலி மருந்து குடுத்தாங்களாமே, கேஸு போடலையா?” என்று குளத்துப்புழைக்காரர் ஒருவர் கேட்டபோது சிரித்துவிட்டேன், ஆனால் அவர் கேட்டதில் தவறே இல்லை. பாடநூல்களில் ‘மருந்துப்போலி’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘வெற்று மாத்திரை’ என்றாலும் எல்லாருக்கும் புரியும். அதுபோலவே, புள்ளியியல் கணக்கில் தற்செயல் என்று ஒதுக்க முடியாத வித்தியாசம் என்ற பொருளில் வரும் சொல்லை ‘முக்கியமான முன்னேற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். தற்செயல் இல்லாத வித்தியாசம் மிகச் சிறியதாகவும் இருக்கலாம்; அது நோயாளிக்கு முக்கியமா என்பது தனிக் கேள்வி. சுண்டெலிகளிடம் நடந்த ஆய்வுகளில் ‘எலிகளில்’ என்ற சொல் ஐந்தாவது பத்தியில் தலைகாட்டுவதும் வாடிக்கை. ஒலிப்பதிவில் அந்த இடம் வருவதற்குள் பாதிப் பேர் அடுத்த செய்திக்குத் தாவியிருப்பார்கள்.

இவ்வளவு குறை சொன்ன அதே பகுதியில்தான் அக்கி ஊசிக் கட்டுரையும் வந்தது. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க ஆண்டுக்கு இரண்டே முறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் ஊசியைப் பற்றிய 2024 ஆய்வையும் செம்மையாக எழுதியிருந்தார்கள்: தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை, ஒப்பீட்டுக்காகத் தினசரி மாத்திரை கொடுக்கப்பட்ட 1,068 பேரில் 16 பேருக்குத் தொற்றியது என்று யார், எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டு என்பதெல்லாம் முதல் மூன்று வரிகளிலேயே இருந்தன. கேரளத்தில் மூளைக்காய்ச்சல் அமீபா பரவிய செய்தியால் குளத்தில் இறங்கவே எல்லாரும் அஞ்சிய நாட்களில், அந்தக் கிருமி தண்ணீரைக் குடிப்பதால் வராது, மூக்கின் வழியாக ஏறி முகர்வு நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்குப் போகிறது என்றும், உலக அளவில் இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இறந்திருந்தாலும், சீக்கிரமே கண்டறிந்து மில்டெஃபோசின் உள்ளிட்ட மருந்துகளைக் கொடுத்ததால் 2024இல் கோழிக்கோட்டில் 14 வயதுச் சிறுவன் பிழைத்தான் என்றும் பதற்றமில்லாமல் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். மலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் நின்று படித்தார்கள்.

ஆகவே மருத்துவப் பகுதியை இரண்டு பேர் எழுதுகிறார்கள் என்பது என் ஊகம். ஒருவர் மூல ஆய்வைப் படிக்கிறார். மற்றவர் பல்கலைக்கழகங்கள் அனுப்பும் செய்திக்குறிப்பைப் படிக்கிறார். கட்டுரைக்குக் கீழே எழுதியவர் பெயர் இருந்தால் வாசகர் யாரை நம்புவது என்று தெரிந்துகொள்வார். பெயர் இல்லை. மூல ஆய்வுக்கான இணைப்பும் இல்லை. ஆய்விதழின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் மட்டுமே இருக்கின்றன. ஆண்டுக்கு 1,500 ரூபாய் வாங்குகிறவர்கள் ஒரு வரி இணைப்பைக் கொடுக்காமல் இருப்பதற்கு எனக்குக் காரணம் விளங்கவில்லை.

மலையாளத்தில் படிக்கத் தெரிந்ததால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் அறிவியல் இதழ்கள் எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன. அவற்றில் வேகம் குறைவு. போன மாதத்துக் கண்டுபிடிப்பு அடுத்த மாதம்தான் வரும். எழுதியவர் பெயர் இருக்கும், அவர் எந்தக் கல்லூரியில் என்ன கற்பிக்கிறார் என்பது இருக்கும், தப்பென்றால் அடுத்த இதழில் ஒரு வாசகர் கடிதம் அவரைப் பிடித்து உலுக்கும். இந்தத் தொகுப்புக்கு வேகம் இருக்கிறது, ஒலி வடிவம் இருக்கிறது, தமிழ் இருக்கிறது. வாசகர் கடிதத்துக்கு இடமில்லை.

ஒலிப்பதிவின் குரலைப் பற்றி இரண்டு வார்த்தை. தொடக்கத்தில் ஓர் அம்மையார் வாசித்துவந்தார். எண்கள் வருமிடத்தில் நிறுத்தி இரண்டு முறை சொல்வார். கடந்த ஆறு மாதமாக இயந்திரக் குரல். 33.9 என்பதை ‘முப்பத்து மூன்று, ஒன்பது’ என்று இரண்டு எண்களாகப் படிக்கிறது. 2,134 பேர் என்பதை ஆண்டுக் கணக்குப்போல் ‘இருபத்தொன்று முப்பத்து நான்கு’ என்று படித்த வாரமும் உண்டு. எழுத்தில் படிப்பவர்களுக்கு இது வேடிக்கை. கேட்டு மட்டுமே தெரிந்துகொள்கிறவர்களுக்கு எண்கள் முழுக்கப் போய்விடுகின்றன. பணம் தானாகக் கழியும் ஏற்பாடு வேறு முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கிறது. அமைப்புகளுக்குள் நான்கு படி இறங்கினால்தான் அதை அணைக்க முடிகிறது. சேருகிறவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுவது நல்லது.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பொறியியலுக்கும் இயற்கைக்கும் நான்கு, மருத்துவத்துக்கு இரண்டரை, ஒலிப்பதிவுக்கு முன்பு நான்கு, இப்போது இரண்டு. கல்லூரியில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாங்கலாம். மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் உள்ள வீடு என்றால், மருத்துவப் பகுதியை முதலில் ஒருவர் படித்துவிட்டு அவர்களுக்குச் சொல்லும் ஏற்பாட்டோடு வாங்கலாம். வேறொருவர் அனுப்பும் ஒலிப்பதிவை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், தலைப்பில் தங்கள் மருந்தின் பெயர் வந்தால் அன்றைக்கு அதை விழுங்கிவிட்டு மறுநாள் மருத்துவரையோ கடைக்காரரையோ கேட்கட்டும்.

நான் அரையாண்டுக்கு 900 ரூபாய் கட்டியிருக்கிறேன். எழுதுகிறவர் பெயர், மூல ஆய்வுக்கான இணைப்பு, எண்களைச் சரியாகப் படிக்கும் குரல் என்று மூன்றையும் கேட்டு எழுதியிருக்கிறேன். ஆகஸ்டில் மறுபடியும் பார்க்கவேண்டும்.